‘ஹெவி’ என்றால் எவ்வளவு?

(சென்னை பாலவாக்கத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓஎம்ஆர் கம்பெனிகளில் வேலை கிடைத்து, பெங்களூருவிலிருந்தும் மைசூரிலிருந்தும் வந்து பாலவாக்கத்திலும் கொட்டிவாக்கத்திலும் நீலாங்கரையிலும் குடியிருக்கும் கன்னடக் குடும்பங்கள் பல. இன்றைய தலைப்பு அவர்கள் கேட்டது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஓரளவு கைவசமாகிவிட்டன, பெயரடையில்தான் சறுக்குகிறோம் என்றார்கள். அது கன்னடம் பேசுகிறவர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல் இல்லை. தமிழர்களாகிய நாமும் அதே இடத்தில்தான் சறுக்குகிறோம். அதனால் ஒரே ஒரு பெயரடையை எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன். நாம் எல்லோரும் தினமும் வாயில் போட்டுக்கொள்ளும் ‘ஹெவி’.

முதலில் ஒரு சின்ன சோதனை. மழை பலமாகப் பெய்கிறது, காற்றும் பலமாக வீசுகிறது. தமிழில் இரண்டுக்கும் ‘பலத்த’ போதும்: பலத்த மழை, பலத்த காற்று. கன்னடத்தில் இரண்டுக்கும் ‘ஜோரு’ போதும்: ஜோரு மளெ, ஜோரு காளி. காளி என்றால் அவர்கள் மொழியில் காற்று. ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டார்கள். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. மாற்றிச் சொன்னால் காதில் இடிக்கும். நாமோ ‘ஹெவி விண்ட்’ என்று கூசாமல் எழுதுகிறோம். இந்தியாவில் அச்சாகும் ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே அது வந்துவிடுகிறது. ஏன் மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று? இலக்கண விதி என்று எதுவும் கிடையாது. எந்தப் பெயரடை எந்தப் பெயரோடு குடித்தனம் நடத்துகிறது என்பது அந்தந்த மொழியின் நெடுநாள் பழக்கம், அவ்வளவுதான். காபிக்கு ‘ஸ்ட்ராங்’. காய்ச்சலுக்கு ‘ஹை’. வலிக்கு ‘சிவியர்’. கூட்டத்துக்கு ‘லார்ஜ்’ அல்லது ‘ஹியூஜ்’. டிராஃபிக்குக்கும் அபராதத்துக்கும் நஷ்டத்துக்கும் தூக்கத்துக்கும் ‘ஹெவி’.

ஆகவே ‘ஹெவி’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்பதே பாதிக் கேள்விதான். எதற்கு ஹெவி என்பது மீதிப் பாதி.

நம் இலக்கண மரபு இந்த விஷயத்தைத் தெளிவாகவே பார்த்திருக்கிறது. தொல்காப்பியம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காக வகுத்தது. பெயரடை என்று ஒரு தனி வகை அதில் இல்லை. இன்றும் பாருங்கள், ‘கனம்’ பெயர். ‘கனத்த’ என்பது கனத்தல் என்ற வினையிலிருந்து வந்த பெயரெச்சம். ‘கனமான’ என்பது கனத்தோடு ‘ஆன’ ஒட்டியது. கன்னடத்திலும் இதே வழி. நாம் கனமான பெட்டி என்போம், அவர்கள் ‘பாரவாத பெட்டிகெ’ என்பார்கள். நம் ‘ஆன’வுக்கு அங்கே ‘ஆத’. ஒப்பிடும்போதும் அப்படியே. இதைவிட அது பாரம் என்கிறோம் நாம், ‘இதக்கிந்த அது பார’ என்கிறார்கள் அவர்கள். பார என்ற சொல் அசையவே இல்லை, ஒப்பீட்டு வேலை முழுவதையும் முன்னால் வரும் ‘விட’வும் ‘கிந்த’வும் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்திலோ பெயரடையின் வாலே நீண்டு ‘ஹெவியர்’ ஆகிறது. நம் மனம் அந்த வாலை ஒப்பீடாக ஒப்புக்கொள்ளாமல், முன்னால் இன்னொரு சொல்லைத் தேடுகிறது. ‘மோர் ஹெவியர்’ பிறப்பது அங்கேதான். கவனக்குறைவு என்று பிள்ளைகளை ஆசிரியர்கள் கடிந்துகொள்கிறார்கள். தாய்மொழி வாக்கிய அமைப்பின் தடம் அது என்று விளக்கினால் ஒரே நாளில் திருத்திக்கொள்வார்கள்.

திராவிட மொழிகளில் பெயரடை திரிபடைவதில்லை, ஒப்பீட்டு விகுதியும் ஏற்பதில்லை என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விரிவாகவே எழுதினார். மெரினாவில் அவர் சிலையைத் தாண்டிப் போகாதவர் இந்த அரங்கில் இருக்க முடியாது. அதற்கும் முன்னால், 1812இல் தொடங்கிய சென்னைக் கோட்டைக் கல்லூரியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கோடு கன்னடமும் கற்பித்தார்கள். வில்லியம் ரீவ் என்ற பாதிரியார் தொகுத்த ஆங்கில–கன்னட அகராதி 1824இல் வெளியானது இந்தச் சென்னையில்தான். இங்கே வந்திருக்கும் கன்னட நண்பர்கள் இந்த ஊரைத் தங்கள் மொழிக்கு அந்நிய ஊராக நினைக்க வேண்டாம்.

அகராதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இருமொழி அகராதிகள் பொதுவாக ஒரு பெயரடைக்கு எதிரே ஏழெட்டுச் சொற்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாக நிறுத்திவிடும். கனமான, பளுவான, பாரமான, கடுமையான, மிகுந்த, அடர்ந்த. எது எப்போது என்று சொல்லாது. மாணவர் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவார். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது நான் அதைக் கொண்டாடியதற்குக் காரணம், அது சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டியது. பதிப்பாளர் ராமகிருஷ்ணன் 2020இல் அதன் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்து, அதே ஆண்டு நவம்பரில் மறைந்தார். கன்னடத்தில் ஜி. வெங்கடசுப்பய்யா அதே அக்கறையோடு உழைத்தவர். கன்னட சாகித்ய பரிஷத்தின் எட்டுத் தொகுதி அகராதிக்குத் தலைமை தாங்கியதோடு நிற்காமல், ‘பிரஜாவாணி’யில் ‘இகோ கன்னட’ என்ற பத்தியில் வாசகர்களின் சொல் சந்தேகங்களுக்கு ஆண்டுக்கணக்காகப் பதில் எழுதினார். 1913இல் பிறந்தவர், 2021வரை நம்மோடு இருந்தார். ஒரு சொல்லைப் பற்றிச் சாதாரண மனிதர் கேட்கும் கேள்விக்கு அறிஞர் ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்வதைவிடப் பெரிய மொழித்தொண்டு எனக்குத் தெரியவில்லை.

இனி நம் ‘கனம்’. ஹெவி என்ற சொல்லுக்கு நேர் என்று நாம் நினைக்கும் சொல். ஆங்கிலத்தில் ‘ஹெவி ஹார்ட்’ என்றால் கனத்த மனம். கன்னடத்திலும் ‘பாரவாத ஹ்ருதய’ என்கிறார்கள். மூன்று மொழியும் ஒன்றாகவே நடக்கின்றன. ஆனால் ஒரு சாண் மேலே போய்த் தலைக்கு வாருங்கள். தலை பாரமாக இருக்கிறது என்றால் ஜலதோஷம். தலைக்கனம் என்றால் கர்வம். பாரமும் கனமும் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டால், சளி பிடித்தவரைத் திமிர் பிடித்தவர் ஆக்கிவிடுவீர்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்னும்போது கனம் என்பது பணம். ‘கனம் கோர்ட்டார்’ என்னும்போது மரியாதை. மயிலாப்பூர்க்காரர்கள் சீனிவாச சாஸ்திரியை மகாகனம் என்ற பட்டத்தோடுதான் சொல்வார்கள். சபாக்களில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஐந்தும் கனராகங்கள்.

கன்னடத்தில் இதே சொல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே ‘கன’ என்றால் திடமானது. நாம் திடக்கழிவு என்பதை அவர்கள் ‘கனத்யாஜ்ய’ என்கிறார்கள். ‘கனதெ’ என்றால் கண்ணியம். ஆகவே ‘கனமழை’ என்ற செய்தித் தலைப்பைக் கன்னட நண்பர் ஒருவர் முதல் முறை பார்த்தால், சொல் தெரிந்ததாகவும் பொருள் பிடிபடாததாகவும் இருக்கும். அவர்கள் ஊரில் அது ‘பாரி மளெ’. நம்மிடம் வந்து அவர் ‘ஜோர் மழை’ என்றால், மழை பிரமாதம் என்று ரசிப்பதாக நாம் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் ‘ஜோர்’ பாராட்டு. நாம் ‘நல்ல காய்ச்சல்’ என்றால் அவர் திகைப்பார். நமக்கு நல்ல மழை, நல்ல பசி, நல்ல அடி எல்லாமே அளவு. நல்லதா கெட்டதா என்ற பேச்சே அதில் இல்லை. அண்டை மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்வது பெரும்பாலும் தெரியாத சொல்லால் நேர்வதில்லை, தெரிந்த சொல்லால்தான் நேர்கிறது.

எங்கே ‘ஹெவி’ சரியாகவே எடையைக் குறிக்கிறது? இதே ஈசிஆரில் தெற்கே போனால் கல்பாக்கம். அங்கே அணுமின் உலையில் பயன்படும் ‘ஹெவி வாட்டர்’ தமிழில் கனநீர், கன்னடத்தில் பாரஜல. சாதாரண நீரைவிட ஏறக்குறைய 11 சதவீதம் அடர்த்தி கூடியது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் இருப்பதால் உண்மையிலேயே கனம். தூத்துக்குடியில் கனநீர் ஆலையே அமைத்தார்கள். இங்கே பெயரடை அணுவரை நேர்மையாக இருக்கிறது. சாலையில் ஓடும் கனரக வாகனமும் அப்படித்தான். ஆனால் அந்தச் சாலையிலேயே ‘ஹெவி டிராஃபிக்’ என்றதும் எடை போய்விடுகிறது. தமிழில் நாம் அடைமொழியே போடுவதில்லை, ‘நெரிசல்’ என்று ஒரே பெயர்ச்சொல்லில் முடித்துவிடுகிறோம். கன்னடத்தில் ‘வாகன தட்டணெ’. ஆங்கிலப் பெயரடையை மொழிபெயர்க்கும்போது தமிழிலும் ஒரு பெயரடை வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மொடாக்குடிகாரன் என்ற சொல்லில் ‘ஹெவி டிரிங்கர்’ முழுதாக அடங்கிவிட்டதே.

மருத்துவமனைக்கு வருவோம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாதவிடாய்க் காலத்தில் ‘ஹெவி ப்ளீடிங்’ இருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். பாடப்புத்தகத்தில் அதற்கு ஓர் எண் இருந்தது, ஒரு சுற்றுக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல். வீட்டில் எந்தப் பெண் அளந்து பார்ப்பாள்? பதின்மூன்று வயதிலிருந்து தனக்கு அப்படித்தான் என்றால், அவளுக்கு அதுவே இயல்பு. அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படியே இருந்திருந்தால் இன்னும் இயல்பு. ‘அதிகமா போகுதா?’ என்று கேட்டால், ‘இல்லீங்க, எப்பவும்போலத்தான்’ என்றுதான் பதில் வரும். ரத்தசோகையோடு வீட்டுக்குத் திரும்புவாள். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா, அந்த நாட்களில் வேலைக்குப் போக முடிகிறதா என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். இப்போது மருத்துவ உலகமே மில்லிலிட்டரைவிட, அந்தப் பெண்ணின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. பெயரடையை நோயாளியின் தலையில் ஏற்றாமல், கேள்வியாக உடைத்துக் கேட்கிற டாக்டர்தான் நல்ல மொழிபெயர்ப்பாளர்.

இனி, கடலோரத்தில் வாழும் நமக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஹெவி. மழை.

‘கனமழை எச்சரிக்கை’ என்று டிவியில் ஓடும்போது நாம் அதைப் பேச்சு வழக்காக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓர் அளவு. காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணிவரை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால்தான் இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ‘ஹெவி’, அதாவது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5 தொட்டால் அதி கனமழை. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, 64 மில்லிமீட்டர் பெய்தாலும் கணக்குப்படி அது ‘மிதமான’ மழைதான். ஆறு சென்டிமீட்டர் மழையில் நம் தெருவில் முழங்கால் நனைய நடந்தவர் யாரும் மிதமான மழை என்று ஒப்புக்கொள்ளமாட்டார். இரண்டாவது, அது 24 மணி நேரத்துக்கான கூட்டுத்தொகை. அதே ஆறு சென்டிமீட்டர் நாள் முழுக்கத் தூறினால் மண் குடித்துவிடும். ஒரே மணி நேரத்தில் கொட்டினால் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். பெயரடை இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறது.

மேல் பக்கம் இன்னும் மோசம். அதி கனமழைக்கு மேல் வரம்பே கிடையாது. சென்னைக்காரர்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். ஒரு கிரவுண்ட் மனை, 2,400 சதுர அடி. அதில் 204.5 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 45 ஆயிரம் லிட்டர் தண்ணீர், 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் நான்கு லாரிக்குக் கொஞ்சம் குறைவு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்து 2ஆம் தேதி காலை கணக்கெடுத்த மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. அது ஒன்பது லாரி. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். அதே ஒரு கிரவுண்டில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர், பதினேழரை லாரி. நான்கு லாரிக்கும் பதினேழரை லாரிக்கும் நம்மிடம் இருப்பது ஒரே சொல்.

கன்னட நண்பர்களில் மலைநாட்டுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு இது இன்னும் குழப்பமாக இருக்கும். ஆகும்பெயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் சுமார் 1,400. அங்கே ‘பாரி மளெ’ பெய்தால் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கே கனமழை எச்சரிக்கையைக் கேட்டு காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அங்கே தண்ணீர் ஓடச் சரிவு இருக்கிறது. இங்கே ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மறுபக்கம் கடல், நடுவில் தட்டையான மணல் திட்டு.

மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் இன்னொன்றும் என் கண்ணை உறுத்துகிறது. மழையில் ‘வெரி’ என்பதற்கு ‘மிக’, ‘எக்ஸ்ட்ரீம்லி’ என்பதற்கு ‘அதி’. புயலில் அப்படி இல்லை. 2020 நவம்பரில் வந்த நிவர், ஆங்கில வகைப்பாட்டில் ‘வெரி சிவியர்’. தமிழில் அதைத்தான் ‘அதி தீவிர புயல்’ என்றோம். அதாவது மழையில் ‘அதி’ கடைசிப் படி, புயலில் அதற்கு மேலும் படிகள் உண்டு. ஒரே எச்சரிக்கையில், ஒரே மூச்சில் இரண்டு ‘அதி’ வருகின்றன, இரண்டும் வேறு அளவு. மீனவர் எச்சரிக்கையில் வரும் ‘ஸ்குவாலி’ என்ற ஆங்கிலப் பெயரடை இன்னும் பெரிய சிக்கல். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் விட்டுவிட்டு வீசும் காற்றைக் குறிக்க அது வரும். தமிழில் அது ‘சூறாவளிக் காற்று’ ஆகிவிட்டது. வானிலைக் கணக்கில் புயல் என்ற பெயரே 62 கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. கேட்பவருக்கோ சூறாவளி என்றால் புயலைவிடப் பெரியது. வாரம் ஒரு முறை சூறாவளி என்று கேட்டுக் கேட்டு, நிஜமாகவே புயல் வரும் அன்று அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

இந்த ஊர்க் குப்பத்தில், ஃபைபர் படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். “அண்ணா, பலத்த காற்றுன்னு ரேடியோவில் சொன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “பலத்த காத்துன்னா எனக்கு என்ன சார் தெரியும்? எந்தப் பக்கத்துக் காத்து? கச்சானா, வாடையா? எத்தினி மணிக்கு ஏறும், எத்தினி மணிக்கு எறங்கும்? அதச் சொன்னா போவறதா வேணாமான்னு நானே முடிவு பண்ணிக்கிறேன்.” கச்சான் மேற்கிலிருந்து வருவது, படகைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். வாடை வடக்கிலிருந்து அலையைத் தூக்கிக்கொண்டு வரும். இரண்டையும் ‘பலத்த’ என்ற ஒரே அடைமொழியில் கட்டிக் கொடுத்தால் அவருக்கு உபயோகமில்லை. அவர் மொழியில் காற்றுக்கு அடைமொழி தேவைப்படுவதே இல்லை, ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் இருக்கிறது.

வானிலை மையத்தின் அறிக்கையில் எண்கள் இல்லாமல் இல்லை. அது செய்தியாகி, தலைப்பாகி, வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது பெரும்பாலும் எண் உதிர்ந்து பெயரடை மட்டும் மிஞ்சுகிறது. ‘ஓரிரு இடங்களில்’ என்ற தொடரும் அளவுதான், ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை என்று பொருள். அதையும் யாரும் சொல்வதில்லை. என் வேண்டுகோள் செய்தி எழுதுகிற நண்பர்களுக்குத்தான். மிக கனமழை என்று எழுதுங்கள், பக்கத்திலேயே ‘12 முதல் 20 சென்டிமீட்டர்’ என்றும் எழுதுங்கள். புயலுக்கு அடைமொழி போடுங்கள், காற்றின் வேகத்தையும் திசையையும் விட்டுவிடாதீர்கள். நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் எச்சரிக்கையைத் தமிழில் போடுகிறவர்கள், கீழே ஒரு வரி கன்னடத்திலும் போட ஆள் பிடியுங்கள். இன்று வந்திருப்பவர்களில் பத்துப் பேராவது அதைச் செய்யக்கூடியவர்கள்.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு நான் தரும் பயிற்சி மிக எளியது. நோட்டில் ‘ஹெவி’ என்று எழுதி எதிரே தமிழ் அர்த்தமோ கன்னட அர்த்தமோ எழுத வேண்டாம். ஹெவி ரெயின், ஹெவி ஃபைன், ஹெவி ஸ்லீப்பர் என்று ஜோடியாகவே எழுதட்டும். எதிரே அந்த முழு ஜோடிக்கும் வீட்டில் என்ன சொல்வோமோ அதை எழுதட்டும். கனமழை, பெருத்த அபராதம், இடி விழுந்தாலும் எழாதவன். பக்கத்து வீட்டுப் பிள்ளை கன்னடத்தில் எழுதியதையும் மூன்றாவது பத்தியில் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு மாதத்தில் அந்த நோட்டு எந்தக் கடையிலும் கிடைக்காத அகராதியாகிவிடும்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கன்னடத்திலேயே கேட்க விரும்புகிறவர்கள் கன்னடத்திலேயே கேளுங்கள், நான் தமிழில் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன்.